டெவில்டு எக்: முட்டை பிய்கிறது, கலவை இனிக்கிறது, ஈஸ்டருக்கு 12 நாள்தான் இருக்கிறது

முருகன்குறிச்சி_மாடிவீடு
மார்ச் 24, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். அண்ணனும் மதினியும் பிள்ளைகளோடு அமெரிக்காவில், அட்லாண்டாவில் இருந்து பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் வருகிறார்கள். ஈஸ்டர் அன்று விடியற்காலை ஆராதனை முடிந்து ஊசிக்கோபுரம் தேவாலயத்தில் இருந்து வீட்டுக்கு வந்தால் எப்படியும் 25 பேர் காலைச் சாப்பாட்டுக்கு இருப்போம். ஆப்பமும் ஆட்டுக்கறியும் எப்போதும் போல உண்டு. அண்ணன் மகளுக்கு 9 வயது. அங்கே ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அவள் தட்டில் டெவில்டு எக் இருக்குமாம். அவித்த முட்டையைப் பாதியாக வெட்டி, மஞ்சள் கருவை எடுத்துக் குழைத்துத் திரும்பக் குழியில் அடைப்பதுதான் அது. "அத்தை, உங்க வீட்டில அது உண்டா?" என்று போனில் கேட்டாள். உண்டு என்று சொல்லிவிட்டேன்.

நேற்று 10 முட்டையில் செய்து பார்த்தேன். அம்மா வீட்டில் இருந்து, சிவந்திபட்டியில், அன்று காலை எடுத்த நாட்டுக்கோழி முட்டை. பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பை ஏற்றி, கொதி வந்த பிறகு 20 நிமிடம் வேகவைத்தேன். ஓட்டை உரித்தால் வெள்ளைக்கரு பாளம் பாளமாகக் கூடவே வருகிறது. முழுசாக வந்தது 3 மட்டும். மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சையாக ஒரு வளையம். கடையில் வாங்கிய மயோனைஸ் போட்டதில் கலவை இனித்தது, ஓடவும் செய்தது. கடுகு வேண்டும் என்று படித்திருந்ததால் வீட்டுக் கடுகை வறுத்துப் பொடித்துப் போட்டேன், கசப்புதான் மிச்சம்.

எங்கே தவறினேன் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஆச்சி வேறு, உயிர்த்தெழுந்த நாளில் வீட்டில் பிசாசு பேரில் பலகாரமா என்று கேட்கிறாள். அதற்கும் ஒரு பதில் வேண்டும்.


பாவூர்சத்திரம்_பண்ணை
மார்ச் 24, இரவு 10.15

அக்கா, முதல் தவறு முட்டையில்தான். அன்றைக்கு இட்ட முட்டை குழம்புக்கும் ஆம்லெட்டுக்கும் அருமை, அவித்து உரிக்க ஆகாது. நான் கோழி வளர்க்கிறவன். வீட்டில் அவிக்க வேண்டும் என்றால் ஒரு வாரம், பத்து நாள் பழகிய முட்டையைத்தான் எடுப்போம்.

இந்தப் பலகாரத்துக்கு நாட்டு முட்டையே வேண்டாம் என்பேன். ஒன்று 40 கிராம் இருந்தால் பெரிது. பாதியாக வெட்டினால் குழி சின்னதாகிவிடும், கலவை நிற்க இடம் இருக்காது. நாமக்கல்லில் இருந்து வருகிற வெள்ளை முட்டை 50 கிராமுக்கு மேல் இருக்கும், அளவும் ஒரே மாதிரி. இன்றைக்கே ஒரு தட்டு வாங்கி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஈஸ்டர் வரும்போது சரியான பதத்துக்கு வந்திருக்கும். பழசாகிவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் தண்ணீரில் போடுங்கள். அடியில் படுத்தால் புதுசு, அடியிலேயே நிமிர்ந்து நின்றால் அவிக்க நல்லது, மேலே மிதந்தால் தூக்கி எறியுங்கள்.


பாளை_வேதியியல்
மார்ச் 24, இரவு 10.52

பண்ணைக்காரர் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. புது முட்டையின் வெள்ளைக்கருவில் கரியமில வாயு கரைந்திருக்கும். அதன் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண், கூடினால் அமிலம் குறைவு) 7.6 பக்கத்தில் இருக்கும். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. நாள் ஆக ஆக வாயு அந்த வழியாக வெளியேறி, பிஎச் 9-ஐத் தாண்டிவிடும். பிஎச் குறைவாக இருக்கும்போது வேகிற வெள்ளைக்கரு ஓட்டின் உள்தோலைப் பிடித்துக்கொள்கிறது. ஏறிய பிறகு அந்தப் பிடி விட்டுப்போகும்.

இரண்டாவது தவறு பச்சைத் தண்ணீரில் போட்டு ஏற்றியது. மெல்ல மெல்லச் சூடேறினால் வெள்ளைக்கரு உள்தோலோடு சேர்ந்தே இறுகும். சட்டென்று சூட்டில் விழுந்தால் அது தனக்குள்ளே இறுகிக்கொள்ளும்.

பச்சை வளையம் அதிகம் வேகவைத்ததால் வருவது. வெள்ளைக்கருவில் உள்ள கந்தகமும் மஞ்சள் கருவில் உள்ள இரும்பும் சேர்ந்து இரும்பு சல்ஃபைடு ஆகிறது. சாப்பிட்டால் கெடுதல் இல்லை, ஆனால் கலவையின் நிறத்தை மங்கடித்துவிடும், கந்தக வாடையும் வரும். 20 நிமிடம் ரொம்ப அதிகம். வெந்ததும் ஐஸ் தண்ணீரில் போட்டால் வேகல் அங்கேயே நின்றுவிடும்.


குறுக்குத்துறை_பந்தி
மார்ச் 25, காலை 6.10

தங்கச்சி, 22 வருடம் பந்திச் சமையல் பார்த்தவன் சொல்கிறேன். முட்டையைத் தண்ணீரிலேயே போடாதே. இட்லிக் கொப்பரையில் ஆவியில் வை.

கொப்பரையில் தண்ணீர் தளதளவென்று கொதித்து ஆவி நன்றாகக் கிளம்பிய பிறகு, இட்லித் தட்டில் துணி போடாமல் குழிக்கு ஒரு முட்டையாக அடுக்கு. மேலே மேலே குவிக்காதே. வெளியே இருந்த முட்டை என்றால் 12 நிமிடம், ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த கையோடு வைத்தால் 13. இடையில் மூடியைத் திறந்து பார்க்கக் கூடாது, ஆவி போனால் கணக்குப் போய்விடும். ஒரே நேரத்தில் எல்லாம் சூட்டைச் சந்திப்பதால் எல்லாம் ஒரே பதமாக இருக்கும். முட்டை ஒன்றோடு ஒன்று முட்டி உடைவதும் இல்லை.

பக்கத்தில் அகலமான பாத்திரத்தில் ஐஸ் தண்ணீர் தயாராக இருக்கட்டும். வீட்டு ஃபிரிட்ஜ் ஐஸ் பத்தாது, மீன் கடைப் பக்கம் போய்க் கட்டி ஐஸ் வாங்கிவிடு. கட்டியைத் தண்ணீருக்குள் போடாமல், உறையில் கட்டி மிதக்கவிடு. 15 நிமிடம் கிடக்கட்டும். அப்புறம் அகன்ற முனையைத் தட்டு. காற்றுப்பை இருக்கிற பக்கம் அதுதான், தோல் அங்கே எளிதில் அகப்படும். தண்ணீருக்குள் வைத்தே உரி.

மஞ்சள் கரு ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டால் வெள்ளைச் சுவர் ஒரு பக்கம் காகிதம் மாதிரி ஆகிவிடும், கலவை வைத்ததும் கிழியும். முந்தின நாள் இரவு முட்டைகளைப் படுக்கவைத்து வை. கரு நடுவுக்கு வரும்.


கடையநல்லூரான்
மார்ச் 25, காலை 8.33

இதில் கடுகும் மயோனைஸும் எதற்கு? வாப்பா 11 வருடம் கொழும்பில் ஓட்டலில் இருந்தவர். அங்கே டெவில் என்றால் வெங்காயம், மிளகாய், தக்காளி சாஸ் எல்லாம் போட்டுச் சுடச்சுடப் புரட்டி எடுப்பது. நம் நாக்குக்கு அதுதான் பிடிக்கும். மஞ்சள் கருவில் பொடியாக வெங்காயம், பச்சைமிளகாய், மல்லித்தழை, கொஞ்சம் மிளகாய்த்தூள், எலுமிச்சை பிழிந்து திரும்ப அடைத்துக் கொடுங்கள். 25 பேரும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள்.


நாசரேத்_அடுப்படி
மார்ச் 25, பகல் 1.20

கடையநல்லூர்த் தம்பி சொல்கிற முட்டையை நானும் வீட்டில் செய்வேன், ருசியானதுதான். கொழும்பு டெவில் வேறு, இது வேறு. பேர் ஒன்றாக இருப்பதால் குழப்பம் வருகிறது. ஆனால் அந்தப் பிள்ளை கேட்டது அவள் ஊரில் சாப்பிடுவது. 14 வருடம் அலபாமாவில் இருந்தேன், எங்கள் சபையில் மதிய விருந்துக்கு ஐந்தாறு வீட்டுத் தட்டுகள் வரும். எல்லாவற்றிலும் ஒரே சங்கதிதான்: மஞ்சள் கரு, மயோனைஸ், கடுகுவிழுது, வினிகர், உப்பு, மிளகு, மேலே சிவப்பாக ஒரு தூவல். சில வீட்டில் இனிப்பு வெள்ளரி ஊறுகாயைப் பொடியாக நறுக்கிச் சேர்ப்பார்கள். அவ்வளவுதான். அதில் இருக்கிற காரம் மிளகாய்க் காரம் இல்லை, கடுகின் காரம். நாக்கில் நிற்காமல் மூக்குக்கு ஏறும். அதைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முருகன்குறிச்சித் தங்கச்சி, நீ கடுகை வறுத்ததுதான் அதைக் கெடுத்தது. கடுகுக்குள் காரம் தயாராக உட்கார்ந்திருக்கவில்லை. பச்சைக் கடுகை நசுக்கிக் குளிர்ந்த தண்ணீர் பட்டால், உள்ளே இருக்கும் ஒரு நொதி வேலை செய்து அப்போதுதான் காரம் பிறக்கிறது. வறுத்தாலும், கொதிநீர் ஊற்றினாலும் நொதி செத்துப்போகும், கசப்பு மட்டும் மிஞ்சும். முதலிலேயே வினிகர் ஊற்றினாலும் வேலை மந்தமாகிவிடும். அதனால் பச்சைக் கடுகு 4 மேசைக்கரண்டி எடுத்து மிக்சியில் உலரப் பொடி. பச்சைத் தண்ணீர் விட்டுக் குழைத்து 10 நிமிடம் வை. மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் கண்ணில் நீர் வரும், அப்போது 2 மேசைக்கரண்டி வினிகரும் உப்பும் சேர்த்து விழுதாக அரைத்துப் பாட்டிலில் போடு. அன்றைக்கே சாப்பிட்டால் கசக்கும். இரண்டு நாள் ஃபிரிட்ஜில் இருந்தால் கசப்பு அடங்கிவிடும். நம் சிறு கருங்கடுகு காரம் கூடுதல், மளிகையில் மஞ்சள் கடுகு கிடைத்தால் இன்னும் சாது. அமெரிக்கக் கடுகுவிழுதின் பளிச்சென்ற மஞ்சள் நிறம் எதனால் தெரியுமா? நம் மஞ்சள்தூளால்தான். அதனால் நீயும் இரண்டு சிட்டிகை போடலாம்.

மயோனைஸ் பற்றி. பச்சை முட்டையில் செய்கிற மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை போட்டது. சால்மோனெல்லா போன்ற கிருமிகளால் வயிற்றுக்குக் கேடு என்பதால். வீட்டில் நீயே அடித்தாலும் ஆபத்து அதேதான், பிள்ளைகளும் ஆச்சியும் இருக்கிற பந்தியில் பச்சைக்கரு வேண்டவே வேண்டாம். கடையில் இருப்பது பெரும்பாலும் முட்டை சேராத வகை, அதில் சர்க்கரை தாராளமாக இருக்கும். உனக்கு இனித்தது அதனால்தான்.

நான் இங்கே வந்த பிறகு மயோனைஸே வாங்குவதில்லை. வெந்த மஞ்சள் கருவே எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். 6 கருவை மாவு சல்லடையில் வைத்துக் கரண்டியால் தேய்த்து இறக்கு. கையால் மசித்தால் எத்தனை மசித்தாலும் மணல் மாதிரி நெருடும், சல்லடைதான் அந்த வழவழப்பைத் தரும், இதை மட்டும் விட்டுவிடாதே. அதில் 1 தேக்கரண்டி கடுகுவிழுது, 1 தேக்கரண்டி வினிகர், 1 மேசைக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் குழை. அப்புறம் சூரியகாந்தி எண்ணெய் 3 மேசைக்கரண்டியைச் சொட்டுச் சொட்டாக விட்டு அடித்துக்கொண்டே வா. வெண்ணெய் மாதிரி பளபளப்பாகத் திரண்டு வரும். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் வேண்டாம், வாசனை மேலே வந்து நிற்கும். மயோனைஸ் பழக்கத்துக்கு வருவதற்கு முன்பு அந்த ஊரிலேயே வெண்ணெய் போட்டுத்தான் குழைத்தார்கள். எண்ணெய் பிடிக்கவில்லை என்றால் 40 கிராம் இளகிய வெண்ணெய் போடலாம், ஆனால் ஃபிரிட்ஜில் வைத்தால் கெட்டியாகிவிடும்.

கடை மயோனைஸ்தான் என்றால், 6 முட்டைக்குக் கால் கப்புக்கு மேல் போகாதே. முக்கால் பங்கைப் போட்டுப் பார்த்துவிட்டு மீதியை ஊற்று. ஓடிய கலவையைத் திருப்பிக் கெட்டியாக்க இன்னொரு வெந்த கருதான் வழி.


புளியங்குடி_தோட்டம்
மார்ச் 25, மாலை 5.02

வினிகருக்குப் பதில் எலுமிச்சைச் சாறு விடலாமா அக்கா? எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லை.


நாசரேத்_அடுப்படி
மார்ச் 25, மாலை 6.45

தாராளமாக விடலாம் தம்பி. வினிகர் உள்ளுக்குள் இருந்து புளிக்கும், எலுமிச்சை மேலே மணக்கும். கடை மயோனைஸின் இனிப்பை வெட்டுவதற்கு எலுமிச்சைதான் நல்லது. ஆனால் சாறு விட்ட கலவையை ராத்திரி முழுக்க வைத்தால் லேசாகக் கசப்பு தட்டும். அதனால் அடைக்கப் போகிற நேரத்தில் பிழிந்துகொள்ளுங்கள்.


முருகன்குறிச்சி_மாடிவீடு
மார்ச் 29, இரவு 8.30

குருத்தோலைப் பவனி முடிந்து வந்து 12 முட்டையில் இரண்டாம் முறை செய்தேன். கடை முட்டை, 5 நாள் ஃபிரிட்ஜில் இருந்தது. குறுக்குத்துறை அண்ணாச்சி சொன்னபடி கொப்பரையில் 13 நிமிடம். 11 முட்டை கண்ணாடி மாதிரி வந்தது! ஒன்றில்தான் கையை வேகமாக ஓட்டிவிட்டேன். பச்சை வளையம் இல்லை, நடுக்கரு நல்ல மஞ்சள்.

கடுகுவிழுது நாசரேத் அக்கா சொன்ன மாதிரியே. மூடியைத் திறந்ததும் அம்மாவுக்குத் தும்மல் வந்துவிட்டது. எண்ணெய் முறையும் திரண்டு வந்தது. ஆனால் பாதி எண்ணெயில் ஒருமுறை பிரிந்துபோன மாதிரி ஆயிற்று, பயந்துவிட்டேன். வேகமாக ஊற்றிவிட்டேனோ?

இன்னொன்று, தட்டில் வைத்தால் முட்டை உருள்கிறது. ஒன்று உருண்டு எல்லாவற்றையும் தள்ளிவிடுகிறது.


நாசரேத்_அடுப்படி
மார்ச் 29, இரவு 9.05

ஆமாம், வேகம்தான். பிரிந்தால் பயப்படாதே. ஒரு தேக்கரண்டி வெந்நீரைத் தனிக் கிண்ணத்தில் விட்டு, பிரிந்த கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் சேர்த்து அடி, கூடிவிடும்.

பிய்ந்த அந்த ஒன்றின் கருவையும் கலவையில் போட்டாயா? எப்போதும் இரண்டு மூன்று முட்டை கூடுதலாக அவி. பிய்ந்ததன் கரு உள்ளே போனால் ஒவ்வொரு குழியும் கூம்பி நிற்கும், பார்க்கவே தாராளமாக இருக்கும்.


குறுக்குத்துறை_பந்தி
மார்ச் 29, இரவு 9.30

உருளாமல் இருக்க அடியில் சீவச் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது, மெல்லிய இடத்தில் ஓட்டை விழும். அங்கே இதற்கென்றே குழி வைத்த தட்டு விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நம் வீட்டில் இட்லித் தட்டு இருக்கும்போது அது எதற்கு? சின்ன இட்லித் தட்டின் குழியில் பாதி முட்டை பொருந்தி உட்காரும். குழிப்பணியாரச் சட்டியும் ஆகும், கனம்தான் கூடுதல். வாழையிலையை வட்டமாக நறுக்கிக் குழியில் போட்டு அதன்மேல் வை. பச்சைமேல் வெள்ளையும் மஞ்சளும், அதற்குமேல் அலங்காரம் வேண்டாம்.

வெட்டும்போது மெல்லிய கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் ஈரத்துணியில் துடை. கலவையைப் பால் உறை மாதிரி கெட்டியான உறையில் போட்டு நுனியை வெட்டிப் பிழி. 60 பாதி நிரப்ப 10 நிமிடம் ஆகும். கரண்டியால் வைத்தால் அரை மணி நேரம், பார்வையும் வராது.


பாளை_வேதியியல்
மார்ச் 30, காலை 7.15

ஏப்ரல் வெயிலை மறக்க வேண்டாம். அவித்த முட்டையும் அதன் கலவையும் வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் என்றால் 1 மணி நேரம்தான். விடியற்காலை ஆராதனைக்குப் போகும்முன் மேசையில் அடுக்கிவிட்டுப் போகாதீர்கள்.

சனிக்கிழமை இரவு அவித்து, உரித்து, வெட்டி, வெள்ளையை ஈரத்துணி மூடிய டப்பாவிலும் கலவையை உறையிலும் தனித்தனியாக ஃபிரிட்ஜில் வையுங்கள். கோவிலில் இருந்து வந்து நிரப்பினால் போதும். முதலிலேயே நிரப்பி வைத்தால் மேல்பக்கம் காய்ந்து வெடித்துவிடும். சிவப்புத் தூவலும் கடைசியில்தான், இல்லாவிட்டால் ஈரத்தில் கரைந்து வழியும். அதற்குக் காஷ்மீரி மிளகாய்த்தூள் சரியாக இருக்கும், நிறம் உண்டு, காரம் குறைவு. வீட்டுச் சாம்பார்ப் பொடி வேண்டாம்.


நாசரேத்_அடுப்படி
மார்ச் 30, காலை 11.40

ஆச்சி கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஆச்சியிடம் சொல்லு தங்கச்சி: 18-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் கடுகும் மிளகும் தூக்கலாகப் போட்டுக் காரமாகச் சமைப்பதை 'டெவில்' என்று சொல்லத் தொடங்கினார்கள். காரம் சுடுவதால் வந்த பேர், வேறு எதுவும் இல்லை. பண்டமோ அதைவிட எத்தனையோ பழசு. ரோமர்கள் காலத்து விருந்திலேயே அவித்த முட்டைக்கு மேல் காரச்சாறு ஊற்றிப் பரிமாறியிருக்கிறார்கள். கருவை எடுத்துக் குழைத்துத் திரும்ப அடைக்கும் முறை 13-ம் நூற்றாண்டில் ஸ்பெயினின் தெற்குப் பக்கம் இருந்தது.

ஆச்சிக்கு வந்த அதே சங்கடம் அமெரிக்கச் சபை மக்களுக்கும் உண்டு. கோவில் விருந்தில் அந்தப் பேரைச் சொல்ல மனமில்லாமல் "திணித்த முட்டை", "அலங்கரித்த முட்டை" என்று சொல்கிற ஊர்கள் இருக்கின்றன. எங்கள் வீட்டில் நான் பூரண முட்டை என்றே சொல்வேன். கொழுக்கட்டைக்குப் பூரணம் வைப்பது போலத்தானே இதுவும்.


கடையநல்லூரான்
மார்ச் 30, பகல் 2.10

பூரண முட்டை, பேர் நன்றாக இருக்கிறது அக்கா. நேற்று ராத்திரி நீங்கள் சொன்ன முறையில் 4 முட்டை செய்து பார்த்தேன். கடுகு மூக்கில் ஏறியதும் புரிந்துவிட்டது, இதில் வெங்காயத்துக்கு இடமில்லை. வாப்பாவுக்குத்தான் மிளகு பத்தவில்லை. பச்சைமிளகாய் வெங்காயம் போட்டதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், அரை மணி நேரத்தில் வெங்காயம் தண்ணீர் விட்டுவிட்டது. அதை அடைத்ததும் சாப்பிட்டுவிட வேண்டும், பந்திக்கு ஆகாது.


முருகன்குறிச்சி_மாடிவீடு
ஏப்ரல் 6, காலை 10.20

34 முட்டை அவித்தேன், 31 முழுசாக வந்தது. 30-ஐ வெட்டி 60 பாதி. மீதி எல்லாவற்றின் கருவும் கலவைக்கு. 34 கருவுக்கு எண்ணெய் 250 மில்லி பிடித்தது, கடுகுவிழுது 6 தேக்கரண்டி. வினிகரைக் கணக்குப்படி முழுசாக விடாமல் 4 தேக்கரண்டியில் நிறுத்தி, காலையில் ஒரு எலுமிச்சம்பழம் பிழிந்தேன். சல்லடையில் தேய்க்கத்தான் கை வலித்தது. மதினி வந்து பாதியை வாங்கிக்கொண்டாள்.

அண்ணன் மகள் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தாள். அப்புறம் இட்லித் தட்டோடு தூக்கிக்கொண்டு போய் ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஆச்சி பூரண முட்டை என்று சொல்லியே 3 சாப்பிட்டாள். கடுகு இன்னும் கொஞ்சம் தூக்கலாக இருக்கலாம் என்று அவள்தான் சொன்னாள்.

முட்டை ஒன்று கூட மிஞ்சவில்லை, கலவை மட்டும் ஒரு கிண்ணம் இருக்கிறது. நேற்று காலை நிரப்பி முடித்ததில் இருந்து ஃபிரிட்ஜில்தான். என்ன செய்யலாம்?


நாசரேத்_அடுப்படி
ஏப்ரல் 6, காலை 10.48

இன்றைக்கே ரொட்டியில் தடவி, மேலே வெள்ளரிக்காய் வட்டம் வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடு. அவித்த உருளைக்கிழங்கை ஆறவிட்டுப் புரட்டினாலும் நன்றாக இருக்கும். நாளைக்கு மேல் வைக்காதே. கடுகுவிழுது மீதி இருந்தால் அது சீக்கிரம் கெடாது, ஃபிரிட்ஜில் பத்திரமாக வை.